ஆறாவது கண்ணாடி

பந்து எறிவதற்கு இன்னும் பத்தொன்பது மணித்தியாலங்கள் இருந்தன. பாடசாலை விட்டு, பிள்ளைகளின் இரைச்சல் படலையைத் தாண்டிப் போய்விட்ட ஒன்றரை மணி வெயிலில், நிவேதனா தரம் ஏழு வகுப்பறையின் ஆறாவது யன்னலுக்கு முன்னால் நின்று கண்ணாடியின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அது ஐந்தாவது தடவை. சுரண்டச் சுரண்டக் கண்ணாடியில் ஒட்டிய தெளிந்த தாள் தடித்துவிடுமா என்ன? விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், அவளுக்குத் தெரியாததா? ஆனாலும் கை சொல்வழி கேட்கவில்லை.

மற்ற ஐந்து யன்னல்களிலும் நகத்தை வைத்தால் தாளின் விளிம்பு தட்டுப்படும், எக்ஸ்ரே படத்தின் விளிம்பைப்போல. ஆறாவதில் ஒன்றும் தட்டுப்படாது. கொப்பிக்குப் போடும் பிளாஸ்ரிக் உறையைப்போல, இருக்கிறதோ இல்லையோ என்று யோசிக்க வைக்கிற மெல்லிசு. பார்வைக்கு ஆறும் ஒன்றுதான். வெயில் ஆறிலும் ஒரே மாதிரித்தான் மின்னியது.

கொக்குவிலில் ரயில் பாதைக்கும் தன் விளையாட்டு மைதானத்துக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட பாடசாலை அது. ரயில் போனால் கண்ணாடிகள் நடுங்கும். பந்து வந்தால் உடையும். போன வருடம் அப்படி வந்த ஒரு பந்து கண்ணாடியைச் சில்லுச்சில்லாக உள்ளே கொட்டியது. சாருஜா என்ற பிள்ளைக்கு இடது புருவத்தில் ஏழு தையல். கண் தப்பியது அரை விரற்கடையில். அன்றிலிருந்து அவள் யன்னல் பக்கம் இருக்கமாட்டாள். சுவரோரம் முதுகைக் கொடுத்துக்கொண்டு, மைதானத்தில் யாராவது கத்தினால் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு இருப்பாள்.

இந்தச் செய்தி பழைய மாணவர்களின் வட்ஸ்அப் குழு வழியே கனடாவில் இருக்கும் கதிரவேலுவிடம் போய்ச் சேர்ந்தது. அங்கே பாடசாலைக் கட்டடங்களைப் பராமரிக்கிற வேலை அவருக்கு. உடைந்தாலும் கண்ணாடியைச் சிதறவிடாமல் பிடித்து வைத்திருக்கிற பாதுகாப்புத் தாள் ஒன்று இருக்கிறது, அளவை அனுப்புங்கள் என்றார். அளவெடுக்கும் வேலை நிவேதனாவின் தலையில் விழுந்தது. அவள் மில்லிமீற்றர் பிசகாமல் அளந்தாள். ஆறு கண்ணாடிகளுக்கும் அளந்து வெட்டிய ஆறு தாள்கள் வந்தன. ஒரு துண்டு மிச்சமில்லை. அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது.

பதினொரு நாட்களுக்கு முன் தாள் ஒட்டத் தொடங்கினார்கள். அதிபர் சோமசேகரம் நாள் பார்த்து, நேரம் பார்த்து, காலை ஒன்பது பன்னிரண்டுக்கு முதலாவது கண்ணாடியின் நடுவில் சந்தனமும் குங்குமமும் குழைத்துப் பொட்டு வைத்தார். புதுச் சைக்கிளுக்கும் கிணற்று மோட்டருக்கும் பொட்டு வைக்கிற ஊரில் அதை யார் பிழை சொல்வது? அவர் கும்பிட்டுவிட்டுப் போனதும், தாள் ஒட்ட வந்திருந்த சிவரூபன் துணியைக் கையில் எடுத்தான், பொட்டைப் பார்த்தான், துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"சுபநேரத்திலை வைச்ச பொட்டை என்ரை கையாலை அழிக்கமாட்டன், ரீச்சர். இதுக்கு மேலாலையே ஒட்டுவம். அழியாமல் கிடக்கும், வடிவாயும் இருக்கும்."

கண்ணாடியில் ஒரு தூசி இருந்தாலும் தாள் பிடிக்காது என்று கதிரவேலு அனுப்பிய குறிப்பில் இருந்தது. நிவேதனா அதை இரண்டு தரம் வாசித்திருந்தாள். ஆனாலும் தாளின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தாள்.

அடுத்த நாள் காலையில் பொட்டைச் சுற்றித் தாள் கொப்பளித்து, வெளிறி, உள்ளங்கை அகலத்துக்குக் கிளம்பியிருந்தது. சிவரூபன் உரித்தான். உரித்த தாள் தன்னோடு தானே ஒட்டிச் சுருண்டது, ஒன்றுக்கும் உதவாது. கண்ணாடியைத் துடைத்து, அதே அளவில் ஆறாவதுக்கென்று வைத்திருந்த தாளை முதலாவதில் ஒட்டினார்கள். பொட்டு இல்லாததை அதிபர் பார்த்துவிடுவார் என்று அதன்மேல், அறைப் பக்கமாக, நிவேதனாவே புதிதாக ஒரு பொட்டு வைத்தாள். ஆறாவது கண்ணாடி வெறுமையாக நின்றது.

சொல்லத்தான் போனாள். கந்தோர் வாசலில் நின்றபோது அதிபர் போனில் கதிரவேலுவின் முகத்தைப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தார். "ஒரு குறையும் இல்லை கதிரவேலு. எங்கடை பிள்ளை அளந்தது எண்டால் அளந்ததுதான்." பிறகு அவளைப் பார்த்து, "என்ன பிள்ளை?" என்றார்.

"ஒண்டுமில்லை, சேர். சவர்க்காரத் தண்ணி கொஞ்சம் வேணும்."

வாளி நிறையச் சவர்க்காரத் தண்ணியோடு திரும்பி வந்தவளைச் சிவரூபன் ஏற இறங்கப் பார்த்தான்.

"என்ரை கடையிலை ஒரு தெளிந்த தாள் கிடக்கு. ஓட்டோவுக்கு ஒட்டுறது. வெயிலை மறிக்கும். பந்தை மறிக்காது. ஒட்டட்டோ?"

"ஒட்டுங்கோ அண்ணை. பிறகு சொல்லிப்போட்டு மாத்துவம்."

அந்தப் 'பிறகு' பத்து நாளாக வரவில்லை. வந்தது வேறொன்று. தாள் ஒட்டிய மூன்றாம் நாள், சாருஜா தன் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு போய் ஆறாவது யன்னலோரம் போட்டாள். "இனிப் பயமில்லை ரீச்சர், தாள் ஒட்டியாச்சே" என்றாள்.

இப்போது கதிரவேலு ஊருக்கு வந்திருந்தார். நாளை காலை எட்டரைக்குப் பாடசாலைக்கு வருகிறார். வந்து, தாளின் உறுதியைக் காட்ட, எல்லோரும் பார்க்கக் கண்ணாடிக்குக் கிரிக்கெட் பந்து எறியப்போகிறார். உள்ளே தரம் ஏழு இருக்கும்.

நகத்தை விட்டுவிட்டு நிவேதனா கந்தோருக்குப் போனாள். வழியில் இரண்டு தரம் நின்றாள்.

"சேர், அந்தத் தாள் இறுகுறதுக்கு முப்பது நாள் வேணுமாம். ஒட்டிப் பதினொரு நாள்தான் ஆகுது. பந்து எறியிறதைப் பிறகு..."

"அவர் ஞாயிற்றுக்கிழமை பிளேன் ஏறுறார், பிள்ளை. ஆளைக் கட்டி வைக்கிறதே?" அதிபர் சிரித்தார். "நானும் கேட்டனான். முழுக்க இறுகாட்டியும் கண்ணாடியைச் சிதறவிடாது எண்டு சொன்னவர். அங்கை உப்பிடித்தான் செய்து காட்டுறவையாம்."

"அப்ப பிள்ளையளை வெளியிலை விட்டிட்டு..."

"பிள்ளையள் உள்ளை இருந்து கண்ணாலை கண்டால்தான் பயம் தெளியும். உந்தச் சாருஜா ஒரு வருசமாய்ப் பல்லி மாதிரிச் சுவரோடை ஒட்டிக்கொண்டு கிடந்தவள் எல்லே. நீ ஏன் வேர்த்து வழியிறாய்? எறியப்போறது முதலாம் யன்னலுக்கு. நான் என்ரை கையாலை பொட்டு வைச்ச யன்னல். ஒண்டும் நடக்காது."

முதலாம் யன்னல். அதில் உண்மையான தாள் இருந்தது. நிவேதனாவுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு கந்தோர்ப் படி இறங்கும்வரைக்கும்தான் நின்றது. எறிகிற கை ஒன்று, குறி ஒன்று. பந்து எங்கே போகும் என்று யார் கண்டது?

ஸ்கூட்டியை வீட்டுப்பக்கம் திருப்பாமல் சிவரூபனின் கடைக்கு விட்டாள். அவன் ஒரு வானின் பின்கண்ணாடியில் தண்ணீர் வழித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணை, நல்ல தாள் ஒரு துண்டு எங்கையும் எடுக்கேலாதோ?"

"கொழும்பிலை கேட்டுப் பாத்தனான். இருக்கு. வர நாலு நாள்."

"கண்ணாடியைக் கழட்டினால்?"

"கழட்டலாம். ஓட்டையைப் பாத்து அதிபர் கேப்பார். கேட்டால் நீங்கள் சவர்க்காரத் தண்ணி கேப்பியள்." அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் கையிலிருந்த றப்பரைக் கீழே வைத்தான். "ரீச்சர், என்னைச் சொல்லச் சொல்லாதையுங்கோ. அதிபர் இன்னும் ரெண்டு கட்டடத்துக்குத் தாள் ஒட்டுற வேலையை என்னட்டைத் தரப்போறார். நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டன், அவ்வளவுதான். உதுக்கேன் இந்தப் பாடு? எறியிறது முதலாவதுக்குத்தானே. யானை வந்து முட்டினாலும் நிக்கும்."

நீர்வேலி வரைக்கும் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஸ்கூட்டி ஓடியது. எப்படி ஓடியது என்று அவளைக் கேட்டால் தெரியாது. வீட்டில் அம்மா நாளைக்கு எந்தச் சீலை என்று கேட்டாள். இரண்டாம் தரமும் கேட்டாள். மூன்றாம் தரம், "வாயுக்குள்ளை என்ன கொழுக்கட்டையோ? பச்சையோ, நாவல்நிறமோ, அதையாவது சொல்லன்" என்றாள்.

"எதெண்டாலும்."

"எதெண்டாலும் எண்டு ஒரு சீலை என்னட்டை இல்லை."

நிவேதனா கொப்பி ஒன்றின் பிளாஸ்ரிக் உறையை எடுத்து இரண்டு கையாலும் இழுத்தாள். வெண்மையாக இழுபட்டு, சத்தமில்லாமல் கிழிந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கே பாடசாலைக்கு வந்துவிட்டாள். ஆறாவது யன்னலோரம் இருந்த கதிரைகளை ஒவ்வொன்றாக எடுத்து அறையின் மறுகரையில் அடுக்கினாள். ஏழேகாலுக்கு அதிபர் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன பிள்ளை, வந்தவர் பாதி வகுப்பு வெறுமையாய்க் கிடக்கு எண்டு நினைக்கப்போறார்" என்று தானே இரண்டு கதிரையைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்தார். பிள்ளைகள் வந்ததும் மிச்சத்தை அவர்களே வைத்தார்கள். சாருஜா தலைக்கு நல்லெண்ணெய் வைத்து, இரட்டைப் பின்னலோடு, தன் இடத்தில் வந்து இருந்தாள்.

"ரீச்சர், நான் கண்ணை மூடமாட்டன். பந்தயம்."

கதிரவேலு எட்டரைக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் வந்தார். ஐம்பது கடந்தவர், மெலிந்தவர், மாலையை வாங்கிக் கழுத்தில் போடாமல் கையில் பிடித்துக்கொண்டவர். சிவரூபனும் ஒரு ஓரமாக வந்து நின்றான். எல்லோரும் மைதானப் பக்கம் போனார்கள். அதிபர் புதுச் சிவப்புப் பந்து ஒன்றைத் தட்டத்தில் வைத்து நீட்டி, முதலாம் யன்னலைக் காட்டினார்.

கதிரவேலு பந்தை எடுத்தார். முதலாம் யன்னலைப் பார்த்தார். பிறகு சுவரோரமாக நடக்கத் தொடங்கினார். இரண்டாவதைத் தாண்டினார், மூன்றாவதைத் தாண்டினார். நிவேதனாவின் கால்கள் அவருக்குப் பின்னால் போயின.

ஆறாவதின் முன் நின்றார்.

"நான் இதிலைதான் இருந்தனான்" என்றார். "எண்பத்தேழிலை. மைதானத்திலை ஷெல் விழேக்கை." அவர் தலையைச் சற்றுத் திருப்பினார். வலது காதின் மேற்பாதி இல்லை. "எனக்குக் காது. பக்கத்திலை இருந்தவனுக்கு ரெண்டு கண்ணும். ஷெல் எங்களிலை படேல்லை, சேர். கண்ணாடிதான்." பந்தைக் கையில் உருட்டினார். "எறியிறதெண்டால் இதுக்குத்தான் எறிவன்."

"அதுக்கென்ன, ஆறும் ஒண்டுதானே" என்றார் அதிபர்.

சிவரூபன் நிலத்தைப் பார்த்தான். பிறகு நிவேதனாவைப் பார்த்தான்.

கண்ணாடிக்கு உள்ளே சாருஜா இரண்டு கையையும் மேசையில் வைத்து நிமிர்ந்திருந்தாள். புருவத்தின் நடுவே மயிர் முளைக்காத கோடு வெயிலில் தெரிந்தது. அவள் வெளியே பார்த்துச் சிரித்தாள். கதிரவேலு பத்து அடி வைத்துப் பின்னால் போனார். ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணினார்.

நிவேதனா நடந்தாள். எப்போது நடக்கத் தொடங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கண்ணாடிக்கும் அவருக்கும் நடுவில் வந்து, கண்ணாடிக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். தாளுக்கு ஒரு மாதம் வேணும், பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேணும், வெயில் கண்ணில் படுகிறது: ஒரு நூறு சாட்டுகள் நாக்கின் நுனியில் வந்து வரிசையில் நின்றன.

"கடைசி யன்னலிலை..." என்று தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. மதிலுக்கு அப்பால் பெட்டி பெட்டியாகக் கடந்தது. முதுகுக்குப் பின்னால் கண்ணாடி நடுங்கியது அவளுக்குக் கேட்டது. அவள் சொல்லிக்கொண்டே போனாள். முழுதும் சொன்னாள். ஒருவருக்கும் கேட்கவில்லை. அதிபர் காதில் கையை வைத்து, புரியாமல் தலையை ஆட்டினார். கதிரவேலு பந்தைத் தாழ்த்திக்கொண்டு காத்து நின்றார்.

கடைசிப் பெட்டியும் போனது. கண்ணாடி அடங்கியது. மைதானத்தில் ஒரு காகம் மட்டும் கரைந்தது.

"என்ன பிள்ளை?" என்று அதிபர் கேட்டார்.

ஒண்டுமில்லை சேர் என்ற சொல் பழக்கத்தில் தொண்டைவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள். சொல்லிமுடித்த ஒன்றைத் திரும்பச் சொல்வது முதல் தரத்தைப்போல அவ்வளவு கடினமாக இல்லை.

"கடைசி யன்னலிலை இருக்கிறது நீங்கள் அனுப்பின தாள் இல்லை, ஐயா. ஓட்டோவுக்கு ஒட்டுற தாள். நான்தான் ஒட்டச் சொன்னனான்."