அரைக்காத மிளகாய்

இன்ஸ்பெக்டர் கிருபாசங்கர் விசாரணையில் யார்மேலும் கை வைப்பதில்லை. டீ வரவழைப்பார், சொந்தக்காரன்போல ஊர் நியாயம் பேசுவார். பிறகு மெல்லச் சொல்வார்: “பறிகொடுத்தவங்க ஊட்டுல ஆனைமலைக்குப் போயி மிளகாய் அரைச்சுப் பூசிட்டு வந்துட்டாங்க கண்ணு.”

மாசாணியம்மனிடம் மிளகாய் அரைத்து முறையிட்டால் குற்றம் செய்தவன் உடம்பு எரியும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. உண்மையில் யாரும் போயிருக்க மாட்டார்கள். சொல்லிவிட்டுத் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைப்பார். செய்தவன் குடிப்பான் என்பது அவர் கணக்கு.

பால் வண்டி ஓட்டும் சாய்குமார் மடமடவென்று குடித்தான். தோட்டத்துச் சாளை வீட்டில் தனியாக இருந்த செல்லாத்தாளை இரவில் யாரோ கொன்று, கை வளையலைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். விடியற்காலை அங்கே பால் எடுக்கப் போனவன் இவன்.

“நாந்தானுங்க செஞ்சுபோட்டேன்.”

“எதுல?”

“கட்டைலீங்க.”

கிருபாசங்கர் நிமிர்ந்தார். பிணத்தில் அடிபட்ட காயமே இல்லை. “தலகாணி இல்லையா?”

“ஆமாங்க, தலகாணிதானுங்க.”

மூலையில் ஏட்டு பொங்கியண்ணன் அதை எழுதிக்கொண்டார்.

“வளையலை எங்க வெச்சே?”

“எங்க வெச்சேன்னு நீங்களே சொல்லுங்க சார். அப்படியே சொல்லிப்போடறேன்.”



“ஏண்டா, யாரைக் காப்பாத்தறே?”

அவன் அழ ஆரம்பித்தான். “எந்தம்பி நிதீஷ் அன்னைக்கு ஊட்டுக்கே வர்லீங்க. எங்க போனேன்னு கேட்டாச் சொல்ல மாட்டேங்கறான். அவன் செஞ்சானான்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா அரைச்சாச்சுன்னு சொன்னீங்களே... நா ஒத்துக்கிட்டா எரிச்சல் எம்மேல திரும்பிருமுங்களா?”

“யாரும் அரைக்கலை. நாஞ் சும்மா சொன்னேன்.”

“சாமி பேர்ல சும்மா சொல்லுவாங்களாங்க? எம்மேல எரக்கப்பட்டுச் சொல்றீங்க. என்னையவே கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க சார்.”

கிருபாசங்கருக்குப் பழைய முகங்கள் நினைவுக்கு வந்தன. கொடுமுடிக்காரர் ஒருவர். மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டை தூக்கியவன். அவர்களும் குடித்தார்கள். அவர்கள் சொல்லாமல் விட்டதையும் இவர்தான் எடுத்துக் கொடுத்தார். இன்னும் சிறையில் இருக்கிறார்கள்.

“தலகாணின்னு எழுதினதை அழிச்சுருங்க ஏட்டய்யா” என்றார். தொண்டை காய்ந்திருந்தது. கை தானாகத் தன் பக்கத்துத் தண்ணீர் டம்ளருக்குப் போனது.

பொங்கியண்ணன் பேனாவை வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.