மாமியார் போட்ட மார்க்

வருடக்கணக்காகத் 'தாய் சி' என்ற சீனத் தற்காப்புக் கலைப் போட்டிகளில் பங்கேற்றவள் நான். முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்ததும் போட்டிகளை விட்டுவிட்டு, ஒரு துணிக்கடையின் மாடியில் வகுப்பு தொடங்கினேன்.

முதல் நாள் கூட்டம் பரவாயில்லை. வேவு பார்க்க என் மாமியாரும் வந்து கடைசி வரிசையில் நின்றுகொண்டார். நான் மெதுவாகக் கையை வீச, எல்லோரும் அப்படியே வீசினார்கள். நடுவில் எனக்குத் தும்மல் வந்தது. இரண்டு பேர் அதையும் செய்து பார்த்தார்கள்.

கடைசி அசைவை முடித்து வணங்கினேன். பிறகு பழக்கதோஷம், நெஞ்சை நிமிர்த்தி ஆடாமல் அசையாமல் நின்றேன். போட்டியில் நடுவர்கள் மார்க் சொல்லும்வரை அப்படித்தான் நிற்போம். வகுப்பும் என்னைப் பார்த்து அப்படியே நின்றது. மின்விசிறி மட்டும் சுற்றியது.

"ஏம்மா, முடிஞ்சுதா? இல்ல இதுவும் பயிற்சியா?" என்றார் மாமியார்.

"மார்க்குக்காக நிக்கிறேன் அத்தை" என்று உளறிவிட்டேன்.

கூடமே குலுங்கிச் சிரித்தது. முன்வரிசையில் நின்ற பல் டாக்டர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒன்பதரை" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அரை மார்க் எதுக்கு சார் குறைச்சீங்க?"

"நடுவுல தும்மினீங்களே!"

"அட போங்க டாக்டர், அவ தும்மினதுகூட அழகாத்தான் இருந்துச்சு. பத்துக்குப் பத்து!" என்று மாமியார் பின்னாலிருந்து கத்தினார்.

அத்தனை வருடத்தில் ஒரு நடுவர்கூட எனக்குப் பத்து போட்டதில்லை. தலைகால் புரியவில்லை எனக்கு.

சொந்தக்காரர் போட்ட மார்க் செல்லாது என்பது போட்டி விதி. அதை மட்டும் நான் அன்று கற்றுக்கொடுக்கவில்லை.