உள்ளேதான் இருக்கிறான்

கோர்ட்டிலிருந்து வந்த பெண் மறுபடியும் எங்கள் கேட்டைத் தட்டியபோது, என் மகன் மாடிக் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெண்டாட்டியின் தாடையை உடைக்கத் தெரிந்த வீரன்.

மருமகள் கோர்ட்டில் வாங்கிய பாதுகாப்பு உத்தரவு கைக்கு வராதவரை அது தன்னைக் கட்டுப்படுத்தாது என்று எவனோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அந்தப் பெண் முன்பு வந்தபோதெல்லாம் நான் வீட்டில் இல்லை. வெளியூர் போயிருக்கிறான் என்று சொல்லி என் மனைவி திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

நான் எழுந்ததும் என் சட்டையைப் பிடித்தாள்.

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சொன்னா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?"

"கையை எடு."

கேட்டுக்குப் போனேன். திறக்கவில்லை.

"உங்க மகன் இருக்காரா, ஐயா?"

"எங்க வீட்டுச் சண்டையைத் தெருவுல விரிக்கிறதுதான் உங்க உத்தியோகமா?"

"எனக்கு மட்டும் ஆசையா, ஐயா? நேத்து உங்க மருமக தங்கியிருக்கிற அவங்க அண்ணன் வீட்டுக்குப் போய்க் கதவை எட்டி உதைச்சிருக்கார். உத்தரவு இன்னும் கைக்குப் போகலைன்னு போலீஸ் வெறுமனே திட்டி அனுப்பிட்டாங்க. அடுத்த தடவை கதவு தாங்குமான்னு தெரியல."

எதிர்வீட்டு ஜன்னலில் திரை விலகியது. எனக்கு மருமகள் மேல்தான் ஆத்திரம் பொங்கியது. என்னிடம் வந்திருக்க வேண்டும். கோர்ட் படி ஏறியிருக்கக் கூடாது. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் என் வாசலில் நின்று கேட்டவர் எவருக்கும் நான் பொய் சொன்னதில்லை. பெண்மேல் கைநீட்டிவிட்டுப் பதுங்குகிறவனுக்காகவா அதைத் தொடங்குவேன்?

"உள்ளதான் இருக்கான்" என்று கேட்டைத் திறந்துவிட்டேன்.

மாடியேறிக் குளியலறைக் கதவை அறைந்தேன்.

"நீயா வர்றியா, நான் உடைக்கட்டுமா? கதவு உடைக்கிறது உனக்குப் பழக்கப்பட்ட வேலைதானே!"

வந்தான். கீழே இறங்கி, நீட்டிய காகிதத்தைப் பிடுங்கிக் கசக்கி எறிந்தான்.

"கசக்கினாலும் கொடுத்தது கொடுத்ததுதான்" என்றாள் அந்தப் பெண். "இனி அந்த வீட்டுப் பக்கம் போனாலும் கைது. போன் பண்ணினாலும் கைது."

அவன் என் பக்கம் திரும்பினான். "பெத்த அப்பனா நீ? அவ கட்சியில சேர்ந்துட்டியா?"

"நான் யார் கட்சியும் இல்ல. ஒளியறதுக்கு என் வீடு கிடையாது. அவ்வளவுதான்."

என் மனைவி சுவரைப் பார்த்து அழுதாள்.

நேரில் கொடுத்ததற்கு ஒரு சாட்சி வேண்டுமாம். அந்தப் பெண் தெருவைப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். பேனாவை நானே வாங்கினேன். எங்கள் வீட்டு அசிங்கத்துக்கு அடுத்தவன் கையெழுத்து எதற்கு? உறவு என்ற இடத்தில் 'தகப்பன்' என்று அழுத்தி எழுதினேன்.

"ரொம்ப நன்றி, ஐயா."

"நன்றியெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும். கிளம்புங்க."