கையால் சொன்ன பாவங்கள்

எங்கள் தேவாலயப் பங்குச் சாமியார் கெரினே நல்ல மனிதர். பதினெட்டு வருஷம் அவருக்குச் சமைத்துப் போட்டவள் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வதில் அவரைப் போன்ற மந்தம் லுவார் ஆற்றின் இரண்டு கரையிலும் கிடையாது. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

அவருக்கே பாடம் சொல்லிக்கொடுக்கத் துணிந்தவர் ஆன்செல்ம் கொர்பினோ. பிறவியிலேயே காது கேளாதவர். பாரிஸில் படித்து, அங்கேயே கொஞ்ச காலம் கற்பித்துவிட்டு, 1834-இல் எங்கள் ஊருக்கு வந்தார். பழைய தோல் கிடங்கு ஒன்றைப் பிடித்து, காது கேளாத பிள்ளைகள் பன்னிரண்டு பேரைச் சேர்த்துப் பள்ளிக்கூடம் தொடங்கினார். காது கேளாதவர் வாத்தியாரா என்று ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், மறைப்பானேன்? ஆறே மாதத்தில் அந்தப் பிள்ளைகள் கையாலேயே கணக்குப் போட்டு, கையாலேயே சண்டை பிடித்து, கையாலேயே ஒருவர்மேல் ஒருவர் கோள் சொல்லவும் ஆரம்பித்த பிறகுதான் ஊர் வாயை மூடியது.

சிக்கல் புதுநன்மையில், அதாவது பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் சடங்கில் வந்தது. பிள்ளைகளுக்குப் புதுநன்மை கொடுக்க அனுமதி கேட்டு வாத்தியார் ஆயருக்கு எழுதினார். ஆயரிடமிருந்து சிவப்பு முத்திரையோடு பதில் வந்தது. குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் செய்யாதவர்களுக்குப் புதுநன்மை இல்லை. பேச முடியாதவர்கள் பாவத்தை எப்படிச் சொல்வார்கள்? நடுவில் ஆள் வைத்துச் சொன்னால் இரகசியம் போய்விடும். எழுதிக் கொடுக்கலாம் என்றால் பிள்ளைகளுக்கு இன்னும் அவ்வளவு எழுத்து வராது. பங்குக் குருவே நேராகப் புரிந்துகொள்வார் என்றால், மே மாதம் வந்து கண்ணால் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன். இவ்வளவுதான் கடிதம்.

புதுநன்மை வாங்காத பிள்ளையை எங்கள் ஊரில் தச்சனும் தொழிலுக்குச் சேர்க்கமாட்டான், தையல்காரியும் சேர்க்கமாட்டாள். பின்னால் கல்யாணமும் நடக்காது. பன்னிரண்டு பேரின் பிழைப்பும் எங்கள் சாமியாரின் பத்து விரல்களில் தொங்கியது. அந்த விரல்களோ வாதத்தில் வீங்கியவை.

குளிரில் விரல் மடங்காது என்பதால் பாடம் என் சமையலறையில், அடுப்புப் பக்கத்தில் நடந்தது. வாத்தியார் பொறுமையாகக் காட்டுவார். சாமியார் வியர்த்து விறுவிறுத்துத் திருப்பிக் காட்டுவார். நான் டர்னிப் கிழங்கு சீவிக்கொண்டே பார்ப்பேன். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் நாலாவது வாரம் சாமியார் தப்பாகக் காட்டும்போது என் கை தானாகச் சரியாகக் காட்டியது.

"பெரின், உன்னை யாரு கேட்டா? நீ கறியைக் கிண்டு" என்றார் சாமியார்.

"கிண்டிட்டுத்தான் இருக்கேன் சாமி. 'எத்தனை தடவை செஞ்ச'ன்னு கேக்கச் சொன்னா, 'எத்தனை வாத்து'ன்னு கேக்கறீங்க. பிள்ளைங்க பாவத்தை விட்டுட்டு வாத்தை எண்ணப் போகுதுங்க."

நான் சொன்னதைக் கையால் காட்டியதும் வாத்தியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தத் தைரியத்தில் அவரிடமே கேட்டேன். "நீங்க பாரிஸ்ல எப்படிப் பாவம் சொன்னீங்க வாத்தியாரே?"

"பேப்பர்ல எழுதிக் கொடுப்பேன்மா" என்று கையால் சொன்னார். "அங்க இருந்த சாமியார் பாவத்தை மன்னிச்சுட்டு, எழுத்துப் பிழையைத் திருத்தித் திருப்பிக் கொடுப்பாரு."

நான் சிரித்தேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "முப்பத்தாறு வயசாச்சு. என் சொந்தப் பேச்சுல ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. இந்தப் பிள்ளைங்களுக்காவது அது கிடைக்கட்டும்."

அன்றிலிருந்து நானும் சாமியாரை விடவில்லை. கையால் கேட்டால்தான் சூப்பு, கையால் கேட்டால்தான் ரொட்டி. மனிதர் இரண்டு சுற்று இளைத்தார். ஆனால் கற்றுக்கொண்டார்.

ஆயர் ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தார். பாவசங்கீர்த்தனக் கூண்டு கும்மிருட்டு, உள்ளே கை தெரியாது. மெழுகுவர்த்தி வைத்துப் பார்த்ததில் சாமியாரின் ஒரு புருவம் ஏற்கெனவே கருகிப் போயிருந்தது. ஆகவே தெற்கு ஜன்னலை ஒட்டி அவருக்கு ஒரு நாற்காலியும் பிள்ளைகளுக்கு ஒரு முழந்தாள் பலகையும் போட்டோம். மற்றவர்கள் பார்க்காமல் இருக்க, இப்பால் ஒரு கயிறு கட்டி என்னுடைய நல்ல படுக்கைத் துணியைத் தொங்கவிட்டேன். என் யோசனைதான். வெள்ளை வெளேரென்று வெளுத்த துணி. ஆயர்கூடத் தலையை ஆட்டிப் பாராட்டினார்.

பிள்ளைகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். முதலில் மெலானி போனாள். பத்து வயதுப் பெண், பார்த்தால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள்போல் இருப்பாள். அவள் முழந்தாளிட்ட நேரம் பார்த்து வெளியே மேகம் விலகியது. ஜன்னல் வழியாக வெயில் பாய்ந்தது. துணியின்மேல் மெலானியின் நிழல் விழுந்தது, ஆளைவிடப் பெரிதாக, பத்து விரலும் தனித்தனியாகத் தெரியும்படி.

பெஞ்சில் பதினோரு பேரும் முன்னால் சாய்ந்தார்கள். வாத்தியார் முகம் வெளுத்தது. துணியை மறைக்க எழுந்து ஓடி வந்தார். அவர் கால் எட்டுவதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

"அடிப் பாவி! என் பிளம்ஸ் ஜாமைத் தின்னவ நீதானா? மூணு வாரமா அந்த மணியடிக்கிற கோயில்பிள்ளை கஸ்பாரை இல்ல திட்டித் தீர்த்துக்கிட்டிருக்கேன்!"

ஆயர் திடுக்கிட்டுத் திரும்பினார். "என்னம்மா சத்தம் கோயில்ல?"

"என் ஜாமைத் தின்னவ இவதான் ஆண்டவரே! இப்பத்தான் சொன்னா."

"யாரு சொன்னா? ஒருத்தரும் வாயே திறக்கலையே."

"வாய் எதுக்கு ஆண்டவரே? அதோ சொன்னாளே, மூணு ஜாடி, கரண்டிகூட இல்லாம விரலால வழிச்சு!"

துணிக்குப் பின்னாலிருந்து சாமியார் தலையை நீட்டினார். "கொஞ்சம் பொறு பெரின். நான் இன்னும் ரெண்டாவது ஜாடியிலதான் இருக்கேன்."

அப்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. ஆயர் முகம் அவருடைய ஊதா அங்கி நிறத்துக்கு வந்துவிட்டது. "பாவசங்கீர்த்தனமா இது? சந்தைக்கடையால்ல இருக்கு! இரகசியம் காத்துல பறக்குது. நிறுத்துங்க எல்லாத்தையும்!"

மூன்று ஜாடி ஜாமுக்காகப் பன்னிரண்டு பிள்ளைகளின் தலையில் மண்ணை வாரிப் போட்டுவிட்டேன். "என்ன சொல்றாரு?" என்று வாத்தியார் கேட்டார். கையால் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிறகு தன் சிலேட்டுப் பலகையை எடுத்து எழுதி ஆயரிடம் நீட்டினார்.

"ஆண்டவரே, இவர்களால் பாவத்தைச் சொல்லவே முடியாது என்று நேற்றுவரை குறைப்பட்டீர்கள். இன்று அளவுக்கு மீறித் தெளிவாகச் சொல்கிறார்கள் என்று குறைப்படுகிறீர்கள். நாங்கள் எந்தக் குற்றத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும்?"

ஆயர் படித்தார். இன்னொரு முறை படித்தார். துணியைப் பார்த்தார். மெலானிக்கு எங்கள் கலவரம் எதுவும் கேட்கவில்லை. அவள் நிழல் மும்முரமாக அடுத்த பாவத்துக்குப் போய்விட்டிருந்தது. சட்டென்று ஆயர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தத் துணியைக் கழட்டும்மா" என்றார். "எல்லாரும் எழுந்து அந்தப் பக்கச் சுவரைப் பார்த்து நில்லுங்க. ஒருத்தர் திரும்பக் கூடாது."

வாத்தியாருக்கும் பிள்ளைகளுக்கும் அதைக் கையால் சொன்னேன். பெஞ்சு முழுவதும் எழுந்து திரும்பியது. நானும் திரும்பினேன். பக்கத்தில் பட்டு அங்கி சரசரத்தது. பார்த்தால் ஆயர், என்னோடு தோளுக்குத் தோள், சுவரைப் பார்த்து நிற்கிறார்.

"நீங்க எதுக்கு ஆண்டவரே? உங்களுக்குத்தான் ஒரு சைகையும் புரியாதே."

"பாவசங்கீர்த்தனம் நடக்குதும்மா. வாயை மூடு."

மூடினேன். முடித்த பிள்ளை அடுத்த பிள்ளையின் தோளைத் தட்டும், அது போகும். சாமியாரின் நாற்காலி கிரீச்சிடும் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பன்னிரண்டாவது பிள்ளை வந்து யார் தோளையும் தட்டாமல் பெஞ்சுக்குப் போனது. முடிந்தது என்று நினைத்தேன். அப்போது என் வலப்பக்கம் நின்ற வாத்தியார் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் நடந்தார்.

அடுப்பில் முயல்கறி இருந்தது. தீய்ந்த வாசனை கோயில்வரை வந்தது. திரும்பிப் பார் என்று என் கழுத்து என்னைப் பிடித்து முறுக்கியது. சுவரில் இருந்த ஒரு விரிசலையே முறைத்துக்கொண்டு நின்றேன்.

"ரொம்ப நேரம் ஆகுதே" என்று ஆயர் முணுமுணுத்தார்.

"முப்பத்தாறு வருஷம் ஆண்டவரே" என்றேன்.

அவரும் அந்த விரிசலையே பார்க்க ஆரம்பித்தார். கடைசிவரை திரும்பவில்லை.