ஓர் இருமலும் ஒரு சைக்கிளும்

அன்ஸார் சைக்கிள் செய்வதில் கெட்டிக்காரன். விலை சொல்வதில் பச்சைப்பிள்ளை. இரண்டும் ஒரே உடம்பில் இருந்ததற்கு அவன் எப்போதோ கடையைப் பூட்டிவிட்டு வேறு தொழில் பார்க்கப் போயிருக்க வேண்டும். போகாமல் இருந்ததற்குக் காரணம், கடைக்கும் வீட்டுக்கும் நடுவே தொங்கிய பச்சைத் திரையும் அதற்குப் பின்னாலிருந்து வந்த இருமலும்.

கடை என்றால் தனிக்கடை இல்லை. கிண்ணியாவில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறவன். சனூஸாவைக் கட்டி, அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வீட்டுக்கு ஒரு பெட்டி உடுப்போடும் ஒரு வெல்டிங் மெசினோடும் வந்து சேர்ந்தவன் அன்ஸார். உடுப்பு அலுமாரிக்குள் போனது, மெசின் முன் விறாந்தையில் நின்றுகொண்டது. பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில் விறாந்தை கடையாயிற்று. வரிசை ஒழிந்த பிறகும் சைக்கிள் பழகிய கால்கள் சைக்கிளிலேயே நின்றுவிட்டன. அவரவர் வேலைக்குப் போகிற பாதையைக் கேட்டு, தூக்குகிற சுமையைக் கேட்டு, வயிற்றின் அளவைக் கேட்காமலே கண்ணால் எடுத்து, அதற்கேற்ப அன்ஸார் பழைய சட்டங்களை அறுத்து, வளைத்து, ஒட்டிக் கொடுத்தான். மீன்காரருக்குப் பெட்டி வைக்க நீண்ட கரியர். முழங்கால் மடங்காத கிளார்க்கருக்கு உயர்ந்த சீட். எல்லாம் பொருந்தும். விலைதான் பொருந்தாது.

அங்கேதான் சனூஸா. அவளுடைய வாப்பா திருகோணமலைச் சந்தையில் புடைவை விற்றவர். வாடிக்கையாளரின் செருப்பைப் பார்த்தே கடைசி விலையைச் சொல்லிவிடுவார். மகள் செருப்பைக்கூடப் பார்ப்பதில்லை, குரலே போதும். திரைக்குப் பின்னால் ஒரு இருமல் வந்தால், இறங்காதே. இரண்டு வந்தால், சரி, விட்டுக்கொடு. இருமலே வராவிட்டால் அந்த ஆள் வாங்க வந்தவரே இல்லை, பொழுதுபோக்க வந்தவர்.

ஆலங்கேணியிலிருந்து சீனன்குடாவுக்கு நாள்தோறும் வேலைக்குப் போகிற சிவகுருநாதன் தன் சைக்கிளைச் செய்வித்த அன்று நடந்ததை ஊர் இன்னும் சொல்லும். மனிதருக்குக் குடை பிடிக்க ஒரு குழாய், சோற்றுப் பெட்டிக்கு ஒரு வளையம், வயிறு இடிக்காமல் மேலே வளைந்த ஹேண்டில், பின்னால் வருகிறவனைப் பார்க்க ஒரு கண்ணாடி, தன்னைப் பார்க்க இன்னொரு கண்ணாடி, அத்தனையும் வேண்டும்.

"சரி தம்பி, கடைசி விலை சொல்லும்."

"ஐயாக்கு எண்டபடியா ஒரு..."

திரை இருமியது.

"...ஒண்டும் கொறைக்க ஏலாது ஐயா."

சிவகுருநாதன் திரையைப் பார்த்துக் கவலையோடு கேட்டார்: "தங்கச்சிக்குத் தடிமன் இன்னும் மாறேல்லையோ?"

"தூசி ஐயா. வெல்டிங் புகை."

"ஓமோம். நான் விலை கேக்கிற நேரம்தான் புகை கூடுது."

இப்படி வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் சனூஸாவுக்கு வேலை கிடைத்தது. சீனன்குடாவில் ஒரு களஞ்சியத்தின் அலுவலகத்தில் கணக்கு வேலை. படித்த படிப்பு அலுமாரிக்குள் கிடந்து பூஞ்சணம் பிடிக்கிறது என்று அவள் சொல்லத் தொடங்கிப் பல காலம். காலையில் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. பின்னேரம் பஸ் நிற்கவே நிற்காது. ஓட்டோவில் போய்வந்தால் சம்பளம் ஓட்டோக்காரனுக்கு.

"இஞ்ச பாருங்க," என்றாள் சனூஸா, தேத்தண்ணியை வைத்துக்கொண்டே. "எனக்கும் ஒரு சைக்கிள் செய்யணும்."

"பாலத்தத் தாண்டிப் போகணுமே புள்ள."

"சிவகுருநாதன் ஐயா அந்த வயித்தோட தாண்டுறாரு. நான் தாண்ட மாட்டனா?"

"மகள்?"

"உம்மா பாத்துக்குவா. பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொல்ற வரைக்கும்தான் எண்டு சொல்லிட்டா, அதுக்குப் பொறகு அவ ஒருத்தரையும் பாக்க மாட்டாவாம். ஒரு கிழமை ஓடிப் பாக்கிறன். ஒரு நாளாவது பாங்குக்கு முந்தி வந்து சேர ஏலாமப் போனா, அடுத்த நாளே வேலைய விட்டுடுறன். செரியா?"

செரியில்லை என்று சொல்ல அன்ஸாருக்கு வாய் வரவில்லை. வீடு அவளுடையது, விறாந்தை அவளுடையது. போதாததற்கு, பெண்கள் சைக்கிள் ஓட வேண்டும் என்று தேத்தண்ணிக் கடையில் உரத்துப் பேசி, நாலு பேரிடம் கையும் குலுக்கிக்கொண்ட ஆள் அவன். அவனுக்குக் கவலை பாலமும் இல்லை, ஊர் வாயும் இல்லை. அவள் சீனன்குடாவில் இருந்தால் இங்கே யார் இருமுவது? வாங்க வருகிறவன் முகத்தைச் சற்றுச் சுருக்கினாலே போதும், அன்ஸார் சைக்கிளோடு காற்றடிக்கும் பம்ப்பையும் சேர்த்துக் கொடுத்துவிடுவான். அது அவனுக்கே தெரியும்.

ஆகவே அவன் சம்மதித்தான். சம்மதித்த பிறகு யோசித்தான்.

சைக்கிள் செய்தான், சும்மா சொல்லக்கூடாது, கிண்ணியாவில் அதுவரை யாரும் ஏறாத சைக்கிள். ஹபாயாவோடு ஏறி இறங்க வசதியாகச் சட்டத்தின் நடுக்கம்பியைத் தாழ்த்தி ஒட்டினான். பின்சக்கரத்தின் இரு பக்கமும், துணி சிக்காமல், கடற்கரையில் வாங்கிய மீன்வலைத் துண்டை இழுத்துக் கட்டினான். செயினை முழுதாக மூடி ஒரு தகரக் கவர். முன்னால் கூடை. பழைய கதிரையின் பஞ்சை எடுத்துத் தைத்த சீட். கடைசியாக, பேருக்கு ஒன்று பூட்டாமல், சந்தை முழுக்கத் தேடி ஒரு பெரிய பித்தளை மணி. தட்டினால் நாலு வீடு திரும்பிப் பார்க்கும்.

அந்தத் தகரக் கவருக்குள்ளேதான் விஷயம் இருந்தது. பின்சக்கரத்தில் பதினெட்டுப் பல்லுச் சக்கரம் பூட்டுவதுதான் வழக்கம். அன்ஸார் இருபத்திநாலு பல்லு பூட்டினான். பல்லுக் கூடினால் மிதிப்பது லேசு. ஆனால் எத்தனை மிதித்தாலும் வண்டி மெல்லத்தான் நகரும். பாதி வழியிலேயே பாங்கு கேட்கும். அவளே வேலையை விடுவாள், அவன் வேண்டாம் என்று சொன்னதாக இருக்காது. தன் மூளையை மெச்சிக்கொண்டே கவரை மூடி ஆணியை இறுக்கினான்.

திங்கட்கிழமை காலை சனூஸா புறப்பட்டாள். கால் இரண்டும் தையல் மெசின் போலச் சுற்றின. வண்டியோ கலியாண ஊர்வலம் போல நகர்ந்தது. வழியில் இரண்டு தாறா வாத்துகள் அவளை முந்திப் போயின.

"ராத்தா, பெடலை மட்டும் ஓட்டுறீங்க, சைக்கிளையும் கூட்டிட்டுப் போங்க!" என்று யாரோ ஒரு பையன் மதில் மேலிருந்து கத்தினான்.

அன்று வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தாள். பாங்குக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. செவ்வாயும் அப்படியே. இரண்டு நாளிலும் அன்ஸார், திரைக்குப் பின்னால் ஆளில்லாத வீட்டில், இரண்டு சைக்கிளை விற்று இரண்டிலும் பம்ப்பைச் சேர்த்துக் கொடுத்திருந்தான்.

புதன்கிழமை மத்தியானம் கச்சான் காற்று கிளம்பியது. தென்மேற்கிலிருந்து அடிக்கிற அந்தக் காற்று, வீடு திரும்புகிறவர்களுக்குப் பாலத்தில் நேரே முகத்தில் அறையும். தென்னைகள் எல்லாம் ஒரு பக்கமாகத் தலை சாய்த்ததைப் பார்த்தபோது அன்ஸாருக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இன்றைக்கு அவளால் ஏலாது. நடுப் பாலத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நிற்பாள். நல்ல புருசனாகப் போய் ஆறுதல் சொல்லிக் கூட்டிவர வேண்டும். வேகத்துக்கென்றே தனக்குச் செய்துவைத்திருந்த சைக்கிளை எடுத்தான். அதன் பின்பல்லு பதினாலுதான். காற்று முதுகில் தள்ள, பாலத்தை ஒரு மூச்சில் தாண்டி வெள்ளைமணல் பக்கம் போய் நின்றான்.

சனூஸா வந்தாள். அவனைக் கண்டும் நிற்கவில்லை.

"என்ன இஞ்ச?"

"சும்மா. ஒன்னக் கூட்டிட்டுப் போக."

"அப்ப வாங்க. நேரமாகுது."

இருவரும் பாலத்தில் ஏறினார்கள். காற்று, கடன்காரனைக் கண்டதுபோல, முகத்தைப் பிடித்துக்கொண்டது. பாலத்தில் சைக்கிள்காரர் எல்லாரும் இறங்கி உருட்டிக்கொண்டிருந்தார்கள். சிவகுருநாதனின் குடைக் குழாய் வேறு காற்றில் புல்லாங்குழல் வாசித்தது. அன்ஸார் அழுத்தினான். எழுந்து நின்று அழுத்தினான். பெடல் அசைய மறுத்தது. சரிவதற்கு முன்னால் மரியாதையாக இறங்கினான்.

சனூஸாவின் கால்கள் மட்டும் அதே தையல் மெசின்தான். வேகமும் கூடவில்லை, குறையவும் இல்லை. மிதிப்பது லேசான வண்டியைக் கச்சானால் நிறுத்த முடியவில்லை, அந்த இருபத்திநாலு பல்லைப் பற்றி அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லைப் போலும்.

"சனூஸா! காத்து கூடிட்டு. எறங்கு, உருட்டிட்டுப் போவம். நாளைக்கு வேலைக்குச் சொல்லிப்போட்டு..."

பித்தளை மணி ஒரு முறை ஒலித்தது. அன்ஸாரின் வாய் தானாக மூடிக்கொண்டது. பழக்கம்.

"தம்பி," என்று பக்கத்தில் உருட்டிக்கொண்டு வந்த சிவகுருநாதன் மூச்சு வாங்கக் கேட்டார், "அது என்ன சாமான் பூட்டி விட்டனீர்? எஞ்சினோ?"

"இல்ல ஐயா."

"பின்ன? நாங்கள் இத்தனை ஆம்பிளையள் மாடு மாதிரித் தள்ளுறம், தங்கச்சி சந்தைக்குப் போறமாதிரிப் போறா. நீர் எனக்கு ரெண்டு கண்ணாடி பூட்டித் தந்தனீர், அந்தச் சாமான் மட்டும் எனக்கில்லை!"

அன்ஸார் வீடு வந்து சேர்ந்தபோது பாங்கு சொல்லி முடிந்திருந்தது. சனூஸா மகளுக்கு முகம் கழுவி, தொழுது முடித்து, விறாந்தையில் அவனுடைய கதிரையிலேயே இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"பிந்திட்டீங்க," என்றாள்.

"காத்து."

"எனக்கும் அதே காத்துதான். என்ட வண்டிக்குப் பல்லுக் கூடுதல்."

அன்ஸார் சைக்கிளை மதிலில் சாய்ப்பதில் மும்முரமாக இருந்தான். சாய்த்த சைக்கிளை எடுத்து மறுபடி சாய்த்தான்.

"ஒனக்கெப்படித் தெரியும்?"

"திங்கக்கிழமை பின்னேரமே கவரக் கழட்டிப் பாத்துட்டன். தாறா முந்திப் போற சைக்கிள் எங்க இருக்கு?"

"ஏன் அப்பவே கேக்கல்ல?"

"பாவிச்சுப் பாக்காம சாமான் திருப்பிக் குடுக்கிறது எங்கட குடும்பத்தில இல்ல. கச்சான் வரட்டும் எண்டு இருந்தன்." அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "நீங்க சொல்லுங்க. நான் வேலைக்குப் போறது புடிக்கல்லயா?"

"அல்லாவே, அப்பிடி இல்ல." அன்ஸார் காலைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான். "நீ போனா ஆர் இருமுற?"

சனூஸா சிரித்த சிரிப்பில் உள்ளே மகளும் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தாள்.

"பம்ப் எத்தின குடுத்தீங்க?"

"ரெண்டு."

"அந்தப் பல்ல மாத்தாதீங்க," என்றாள், எழுந்துகொண்டே. "வெலைக் கதைய நான் வந்த பொறகு வச்சுக்குங்க."

அடுத்த நாள் காலையிலேயே சிவகுருநாதன் வந்து நின்றார். வேலைக்குப் போகிற வழியாம். திரையை ஒரு முறை விலக்கிப் பார்க்காத குறையாக எட்டிப் பார்த்தார். அசைவில்லை. முகம் மலர்ந்தது.

"தம்பி, தங்கச்சிக்குப் பூட்டின பல்லு எனக்கும் வேணும். விலையைச் சொல்லும், இப்பவே."

அன்ஸாருக்கு 'ஐயாக்கு எண்டபடியா' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினான்.

"பின்னேரம் வாங்க ஐயா. பகல்ல வேல மட்டும்தான். வெலை பின்னேரம்."

"இதென்ன புதுச் சட்டம்?"

"கச்சான் காலத்துச் சட்டம் ஐயா."

பின்னேரம் அவர் தனியே வரவில்லை. பாலத்தில் உருட்டியவர்களில் இன்னும் நாலு பேர் வந்திருந்தார்கள். காற்றைச் சாட்டாகச் சொல்லி வேலையிலிருந்து முன்னாலேயே கிளம்பியிருந்தார்கள். எதற்கு என்று அன்ஸாருக்கு விளங்கவில்லை, சிவகுருநாதன் வீதியையே பார்த்துக்கொண்டு அவசரப்பட்ட பிறகுதான் விளங்கியது.

"கெதியாச் சொல்லும் தம்பி. அஞ்சு பேர் ஒரேயடியா வந்திருக்கிறம். அஞ்சு பேருக்கு ஒரு விலை. அவ வாறதுக்கு முந்திக் கதையை முடிப்பம்."

"பொறுங்க ஐயா, இப்ப வந்திருவா..."

"வீட்டுக்கு ஆம்பிளை நீரோ, அவவோ?"

இது கொஞ்சம் சுட்டது. வீடு யாருடையது என்று அவருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனாலும் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். அன்ஸார் நெஞ்சை நிமிர்த்தினான். ஐந்து முகங்களும் ஒரே நேரத்தில், சொல்லி வைத்ததுபோல, சற்றுச் சுருங்கின. நிமிர்ந்த நெஞ்சு இறங்கியது.

"சரி, ஐயாக்கு எண்டபடியா ஒரு..."

ஒழுங்கை திரும்புகிற முடக்கில், காற்றையும் மீறி, பித்தளை மணி ஒரு முறை ஒலித்தது. நாலு வீடு திரும்பிப் பார்த்தது.

"...ஒண்டும் கொறைக்க ஏலாது ஐயா."

சிவகுருநாதன் கண்ணை மூடித் திறந்தார். "இருமலெண்டாலாவது வீட்டுக்குள்ளதான் கேக்கும். இந்த மணியை எந்த விசரன் பூட்டினவன்?"

"நான்தான் ஐயா," என்றான் அன்ஸார், மகிழ்ச்சியோடு. "சந்தை முழுக்கத் தேடி எடுத்தன்."