பதினாலாம் மிஷினின் கீச்சு

1.
இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல, ஒட்டுக்கேட்டது. பல் வைத்தியரின் காத்திருப்பறையில் என் முதுகுக்குப் பின்னால் இரண்டு பெண்கள்.

"உன் குரல், சூப்பர்வைசர் கத்தினது, எல்லாத்தையும் பதிவுலருந்து வெட்டி எடுத்துட்டேன்க்கா. யாரு பதிவு பண்ணதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

"அந்தக் கீச்சு?"

"அதை எதுக்கு எடுக்கணும்? குருவி மாதிரி அழகா இருக்கேன்னு சத்தத்தை ரெண்டு மடங்கு ஏத்தி வச்சேன்."

"போச்சு."

அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது நாற்காலிகள் காலி. மீதியை மனசுக்குள் நானே கேட்டுக்கொண்டேன். (எனக்குக் கதை காதில்தான் வரும். யாருடைய முகத்தையும் என்னிடம் கேட்காதீர்கள்.)

2.
முதல் தொடக்கம்: 'புகை மண்டிய அந்தப் பிற்பகலில் இருநூறு பெண்கள் உயிருக்கு...'

வேண்டாம். கருகியது ஒரு பிளக், அவ்வளவுதான். ஆனால் தையற்கூடத்தில் எல்லோரும் ஓடிப்போய் நின்ற பின்கதவில் பூட்டுத் தொங்கியது. துணி திருட்டுப் போகிறதாம். பூட்டை எடுக்கச் சொல்லி மூன்று முறை மனுக் கொடுத்தார்கள். பழைய பூட்டை எடுத்துவிட்டுப் புதுப் பூட்டுப் போட்டார்கள்.

இரண்டாம் தொடக்கம்: அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மிஷின் எண்தான். அவள் பதினாலு. ஒருநாள் மடியில் போனை மறைத்துவைத்து மிஷின்களின் சத்தத்தைப் பதிவு செய்தாள். வீட்டில் கணினியில் இசையமைக்கும் தங்கை அதைத் தாளமாக்கி, 'பூட்டை எடு' என்று நாலு வரி பாடி, இணையத்தில் இலவசமாக விட்டாள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், வெட்டலாம், ஒட்டலாம், தன் குரலில் பாடலாம். பத்தே நாளில் வேறு தையற்கூடங்களிலும் பாடினார்கள். ஓரிடத்தில் கதவே திறந்துவிட்டது. இங்கே இல்லை.

இந்தத் தொடக்கம் இருக்கட்டும்.

3.
பதினாலாம் மிஷினில் பெடலிலிருந்து காலை எடுத்தால் 'கீச்' என்று ஒரு சத்தம் வரும். நாள் முழுக்கக் கேட்கிற சத்தம் காதில் ஏறுவதில்லை. பாட்டைப் பத்துத் தடவை கேட்டும் அவளுக்கு உறைக்கவில்லை. பக்கத்து இருக்கைப் பதினைந்துதான் சொன்னாள்: "என்னடி, பாட்டுல உன் மிஷின் கத்துது?"

வைத்தியரிடமிருந்து வீடு திரும்பும் வழியில் அக்காவும் தங்கையும் பேசியிருக்கக்கூடியது:

"சத்தத்தை வச்சு மிஷினைக் கண்டுபிடிப்பாங்களாக்கா?"

"எங்க மெக்கானிக் அண்ணன் டீயைக் குடிச்சுக்கிட்டே தன் மேசையில இருந்தே கத்துவாரு, 'முப்பத்தொண்ணு, ஊசிய மாத்து'ன்னு. நாளைக்கு மூணு மணிக்கு மேனேஜர் அவரைக் கூப்பிட்டிருக்காரு. பாட்டைப் போட்டு எந்த மிஷின்னு கேக்கப் போறாராம். தெரிஞ்சா அன்னிக்கே என்னை வெளிய அனுப்பிடுவாங்க."

"இப்பவே பாட்டை எடுத்துடறேன்."

"நாலாயிரம் பேர் எடுத்து வச்சிருக்காங்க. இலவசம்னு கூவிக் கொடுத்துட்டு, இப்ப வீடு வீடாப் போய்த் திருப்பிக் கேப்பியா?"

"என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

"அதை அப்புறம் அடிச்சுக்கலாம். பூட்டு இன்னும் தொங்குதில்ல? பாட்டு கிடக்கட்டும்."

4.
என் சந்தேகமெல்லாம் மெக்கானிக் மேல்தான். 'கல்நெஞ்சக்காரரான மெக்கானிக்' என்று எழுதினேன், அடித்தேன். நல்லவராக்கிப் பார்த்தேன், அதையும் அடித்தேன்.  எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பதினெட்டு வருஷமாக மேனேஜரிடம் 'முடியாது' என்று சொன்னதில்லை. அவருடைய மேசை பின்கதவை ஒட்டி இருக்கிறது. புகை வந்த அன்று அந்தப் பூட்டை முதலில் பிடித்து இழுத்தவர் அவர்தான்.

5.
மூன்று மணி. மேனேஜரின் கண்ணாடி அறையிலிருந்து தங்கையின் பாட்டு கசிந்தது. பதினாலு தைத்துக்கொண்டே இருந்தாள். பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. துணி முடிந்துவிட்டது, வெறும் ஊசி ஏறி இறங்கியது. அப்போதும் எடுக்கவில்லை. 

பாட்டு நின்றது.

"எந்த மிஷின்?"

மெக்கானிக்கின் செருப்பு தரையில் உரசியது.

"உன்னைத்தான்யா கேக்கறேன்."

"நேர்ல கேட்டாத்தான் சார் சொல்ல முடியும்."

"சரி, போய்க் கேளு. நான் இங்க நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

செருப்புச் சத்தம் வரிசையில் வந்தது. பதினொன்றைத் தாண்டியது. பன்னிரண்டு. பதின்மூன்று. பதினாலின் பக்கத்தில் நின்றது.

"எழுந்திரும்மா."

6.
'அவர் காட்டிக்கொடுத்தார்' என்று ஒரு முடிவு எழுதினேன். 'எண்ணெய் விட்டுக் கீச்சையே கொன்றுவிட்டார்' என்று இன்னொன்று.* இரண்டையும் கிழித்தேன். ஏனென்றால், பழுது பார்க்குமுன் அவர் தினமும் எல்லோரிடமும் சொல்கிற சொல்தான் அந்த 'எழுந்திரும்மா'. வேலையைவிட்டு அனுப்புமுன் அங்கே சொல்கிற சொல்லும் அதுவேதான். இந்த வருஷம் அதைக் கேட்டு எழுந்த மூன்று பேர் மறுபடி உட்காரவில்லை.

எனக்குச் சொல் மட்டும்தான் கேட்டது, தொனி கேட்கவில்லை. நீங்கள் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், எழுந்திரும்மா என்று. உங்கள் வாயில் அது எப்படி வருகிறதோ, அப்படித்தான் அவர் சொன்னார்.

சீக்கிரம் சொல்லுங்கள். மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்கிறார். எழுந்திருக்க வேண்டுமென்றால் அவள் பெடலிலிருந்து காலை எடுத்தாக வேண்டும்.

* அவர் கையில் எண்ணெய்க் குப்பி இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. அது இல்லாமல் அவரை யாரும் பார்த்ததேயில்லை. அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.