யாரும் நிறுத்தாத கசட்

சாலிஹுக்கு நல்ல குரல் இருந்தது. அடுத்தவன் பேர் வாங்குவதைப் பொறுக்கிற மனம்தான் இல்லை. எண்பத்தாறில் கல்முனையில் நடந்த பாட்டுப் போட்டிக்கு வானொலிக்காரர் ஒருவர் கொழும்பிலிருந்து வருகிறார், தேறினால் வானொலியில் பாடலாம் என்றதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

இசைக்கு இரண்டு வழி இருந்தது. சவூதியிலிருந்து கீபோட்டோடு வந்திருந்த கூட்டாளி பதியுதீனை மேடையில் இருத்தி வாசிக்க வைக்கலாம். இல்லையென்றால் அவன் வாசிப்பைக் கசட்டில் பிடித்து, அதைப் போட்டுப் பாடலாம். பதியுதீனின் விரல் ஓடத் தொடங்கினால் சனம் பாடகனை எங்கே பார்க்கப் போகிறது? சாலிஹ் கசட்டைத் தேர்ந்தான்.

“கரண்ட் போனா கீபோட் சும்மா கிடக்கும் மச்சான். கசட்தான் நல்லம்.”

“கரண்ட் இல்லாட்டி கசட் மட்டும் காத்துலயா ஓடும்?” என்று பதியுதீன் சிரித்தான். ஆனாலும் தன் வீட்டில் வைத்து இரண்டு பாட்டுக்கும் வாசித்துக் கொடுத்தான். இரண்டுக்கும் நடுவே பக்கத்துப் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொன்னார்கள். இருவரும் பேசாமல் இருந்தார்கள். டேப் தன் பாட்டுக்குப் பதிந்தபடி ஓடிக்கொண்டிருந்தது.

போட்டியில் ஒருவருக்கு ஐந்து நிமிடம். சாலிஹ் இரண்டாவது பாட்டின் இசையைப் போடச் சொன்னான். மைக்செட்காரர் ஒரு குத்துமதிப்பில் கசட்டைச் சுற்றிவிட்டுப் பொத்தானை அமத்தினார். ஒலிபெருக்கியில் பாங்கு எழுந்தது.

மண்டபம் அப்படியே அடங்கியது. பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டார்கள். மைக்செட்காரரின் கை பொத்தான்வரை போய்த் திரும்பியது. சாலிஹ் இரண்டடி வைத்தால் நிறுத்தியிருக்கலாம். பாங்கை இடையில் அறுத்தவன் என்ற பேரோடு பிறகு ஊரில் எப்படி நடமாடுவது? மைக்கைப் பிடித்தபடி வேர்த்து வழிந்து நின்றான்.

பாங்கு முடிந்து கீபோட் தொடங்கியது. முன்னிசை அவ்வளவு அழகாக இருந்தது. அவன் வாய் திறக்குமுன் மணி அடித்துவிட்டார்கள்.

“நேரம் முடிஞ்சி தம்பி, நீங்க போகலாம்,” என்றார் வானொலிக்காரர். “இந்தக் கீபோட் வாசிச்சது ஆரு? அவர் எங்களுக்கு வேணும்.”

பதியுதீன் வாசலடியில்தான் நின்றான். சாலிஹ் அவனைக் கண்டான். கண்டும் அவன் நாக்குக் கூசவில்லை.

“தெரியா சேர். கடையில வாங்கின கசட்.”

வானொலிக்காரர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார்.

“ஓம் சேர், கடைச் சரக்குதான்,” என்று பதியுதீன் உரக்கச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.